உயிரியல் ஆய்வாளர் ஒருவரை விருதுக்கு முன்மொழிவது எப்படி: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்ணில் வாழும் நூற்புழுக்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகைப்படுத்தி வந்த மூத்த ஆய்வாளர் ஒருவரை விருதுக்கு முன்மொழிய வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது, படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும் என்றே எண்ணியிருந்தேன். முதல் ஆண்டு அனுப்பிய கோப்பு தகுதிச் சரிபார்ப்பிலேயே திரும்பி வந்தது. இரண்டாம் ஆண்டு நடுவர்களின் மேசை வரை சென்றும் தேறவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் அவருக்கு உரிய மரியாதை கிடைத்தது. இந்த மூன்று ஆண்டுகளில் அவருடைய ஆய்வில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது நான் அதை எடுத்துச் சொன்ன முறை மட்டுமே. அந்த முறையைக் கற்றுக்கொள்ள நான் செலவிட்ட காலத்தை நீங்கள் செலவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எதற்காக முன்மொழிகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

விருதுகளின் பட்டியலைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பெரும்பாலான படிவங்கள் ஒரு பாராட்டு வாக்கியத்தைக் கேட்கும். நடுவர்கள் முதலில் படிப்பதும் விவாதத்தின்போது நினைவில் வைத்திருப்பதும் அதுதான். என்னுடைய முதல் ஆண்டு வாக்கியம் இது: "வகைப்பாட்டியலில் நீண்டகாலம் அயராது உழைத்துச் சிறந்த பங்களிப்பு அளித்தமைக்காக." இந்த வாக்கியத்தை வகைப்பாட்டியலில் பணியாற்றும் எவருக்கும் சூட்டலாம். அதனால் அது எவரையும் குறிப்பதில்லை.

மூன்றாம் ஆண்டு வாக்கியம் இது: "பயிர்வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களையும், தோற்றத்தில் அவற்றை ஒத்த தீங்கற்ற இனங்களையும் பிரித்தறியும் திறவுகோலை உருவாக்கி, நோயறி ஆய்வகங்களில் தவறான அடையாளங்களைத் தவிர்க்க வழிசெய்தமைக்காக." (திறவுகோல் என்பது உடல் அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்து இனத்தை அடையாளம் காண உதவும் குறிப்புப் பட்டியல்.) ஒருவர் என்ன செய்தார், யாருக்குப் பயன்பட்டது என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. நல்ல முன்மாதிரி தேவையென்றால் பெரிய விருதுகளின் பாராட்டு வாக்கியங்களைப் படியுங்கள். பார்பரா மெக்லின்டாக் 1983இல் நோபல் பரிசு பெற்றது இடம்பெயரும் மரபுக்கூறுகளைக் கண்டறிந்ததற்காக. 2019இல் சாலி சிசோம் கிராஃபோர்ட் பரிசு பெற்றது, உலகில் மிக அதிக எண்ணிக்கையில் உள்ள ஒளிச்சேர்க்கை உயிரான புரோகுளோரோகாக்கஸைக் கண்டறிந்து ஆராய்ந்ததற்காக. இவற்றில் "சிறந்த", "அயராத", "தன்னலமற்ற" போன்ற அடைமொழி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த வாக்கியத்தை எழுத மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இந்த ஆய்வுக்கு முன் துறையில் எது தெரியாமல் இருந்தது? இவர் செய்தது என்ன? இதன் பிறகு யார், எதை, வேறு விதமாகச் செய்கிறார்கள்? முதல் இரண்டுக்கும் விடை ஆய்வுக் கட்டுரைகளிலேயே கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கு நீங்கள் வெளியே சென்று விசாரிக்க வேண்டும். நான் நோயறி ஆய்வகம் ஒன்றுக்குச் சென்றபோது, அவருடைய திறவுகோலின் நகல் பிளாஸ்டிக் உறையிடப்பட்டு நுண்ணோக்கிக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரங்கள் மஞ்சளித்திருந்தன. ஒரு வரியின் பக்கத்தில் யாரோ பென்சிலால் "முதலில் வால் நுனியைப் பார்" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சுவரின் ஒளிப்படமும், அந்த ஆய்வகத்தின் பொறுப்பாளர் எழுதித் தந்த அரைப்பக்கக் குறிப்பும், நான் முன்பு திரட்டி வைத்திருந்த மேற்கோள் எண்ணிக்கைகளைவிட அதிக வலுவாகப் பேசின.

2. சரியான விருதைத் தேர்ந்தெடுங்கள்

பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காக ஒரு விருதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது எந்த வகை வேலைக்காக, எந்தக் கட்டத்தில் உள்ளவர்களுக்காக வழங்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். வாழ்நாள் சாதனைக்கான பதக்கம், குறிப்பிட்ட ஒரு கண்டுபிடிப்புக்கான பரிசு, இளம் ஆய்வாளர் விருது, கற்பித்தல் அல்லது வழிகாட்டுதலுக்கான விருது, அறிவியற் கழகங்களின் உறுப்பினர் தகுதி ஆகியவை தனித்தனி வகைகள். ஒன்றுக்காக எழுதிய கோப்பை மற்றொன்றுக்கு அப்படியே அனுப்ப முடியாது.

யாரை முன்மொழியலாம் என்பதைப் போலவே, யார் முன்மொழியலாம் என்பதும் முக்கியம். உடலியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. முன்பு பரிசு பெற்றவர்கள் போன்ற தகுதி வரையறுக்கப்பட்டவர்களும், கரோலின்ஸ்கா நிறுவனத்தின் நோபல் குழு அழைப்பவர்களும் மட்டுமே முன்மொழியலாம். அந்தப் பரிந்துரைகள் ஜனவரி 31ஆம் நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தன்னைத் தானே முன்மொழிந்தால் அது கணக்கில் கொள்ளப்படாது. இதற்கு மாறாக, உயிர் அறிவியலுக்கான பிரேக்த்ரூ பரிசுக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் முன்மொழியலாம், ஆனால் அங்கும் தன்னைத் தானே முன்மொழியக் கூடாது. பல கழகங்களின் பதக்கங்களுக்கு அந்தக் கழகத்தின் உறுப்பினர் ஒருவர்தான் முன்மொழிய வேண்டும் என்ற விதி உண்டு. நீங்கள் உறுப்பினர் இல்லையென்றால் கோப்பை நீங்கள் தயாரித்து, உறுப்பினர் ஒருவரைக் கையொப்பமிடக் கேட்பது வழக்கம், இதில் தவறில்லை.

துறைப் பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நோபலில் சூழலியலுக்கோ வகைப்பாட்டியலுக்கோ தனிப் பரிசு இல்லை. சூழலியலை முதன்மையாகக் கொண்ட உயிர் அறிவியலுக்கு ராயல் சுவீடிஷ் அறிவியல் கழகத்தின் கிராஃபோர்ட் பரிசு இருக்கிறது. ஆனால் அது ஆண்டுதோறும் ஒரே துறைக்கு வருவதில்லை. சுழற்சி முறையில் வானியல், கணிதம், புவி அறிவியல் ஆகியவற்றுக்கும் செல்கிறது. உயிர் அறிவியலுக்கு அது வழங்கப்பட்ட அண்மை ஆண்டுகள் 2015, 2019, 2023. மறுபுறம், மரபணுத் தொகுப்பைத் திருத்தும் முறைக்காக எம்மானுவேல் சார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020இல் பெற்றது வேதியியல் நோபல். அறிவியலில் பெண்களுக்கான லோரியல்-யுனெஸ்கோ பன்னாட்டு விருதும் உயிர் அறிவியலுக்கு ஓராண்டும் இயற்பியல், கணிதம் சார்ந்த துறைகளுக்கு அடுத்த ஆண்டும் என மாறி மாறி வருவது. சுழற்சியைப் பார்க்காமல் கோப்பைத் தயாரித்தால் ஓராண்டோ பல ஆண்டுகளோ வீணாகும்.

3. தகுதி விதிகளை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்

என் முதல் ஆண்டுக் கோப்பு திரும்பியது இந்த இடத்தில்தான். பரிந்துரைக் கடிதம் எழுதிய இருவரில் ஒருவர், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் நான் முன்மொழிந்தவருடன் கூட்டாகக் கட்டுரை வெளியிட்டவர். விதிமுறையின் கடைசிப் பக்கத்தில் அது தெளிவாகத் தடை செய்யப்பட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

வயது வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். சில விருதுகள் பிறந்த நாளை வைத்துக் கணக்கிடும். சில முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து எத்தனை ஆண்டுகள் என்று கணக்கிடும். இரண்டாவது வகையில் மகப்பேறு, நோய், குடும்பத்தாரைப் பராமரித்தல் ஆகியவற்றுக்காக எடுத்த இடைவெளியைக் கழித்துக்கொள்ள இடம் தருவார்கள், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். உரிய சான்றுடன் இடைவெளியைக் குறிப்பிடுங்கள். இதைக் கேட்பது சலுகை கேட்பதாகும் என்று எண்ணி விட்டுவிடும் பெண் ஆய்வாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அது விதி தரும் உரிமை.

மறைந்தவர்களை முன்மொழிய முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நோபல் பரிசு மறைந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை. 2011இல் ரால்ஃப் ஸ்டைன்மன் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு காலமானது தெரியாமலேயே அவர் பெயர் அறிவிக்கப்பட்டதால்தான் பரிசு நிலைநிறுத்தப்பட்டது. மூத்த ஆய்வாளர் ஒருவரை முன்மொழிய நினைப்பவர்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ரகசியம். நோபல் பரிந்துரைகள் 50 ஆண்டுகளுக்கு வெளியிடப்படுவதில்லை. வேறு சில விருதுகளிலோ முன்மொழியப்படுபவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் அவரிடம் சொல்லவும் வேண்டாம், சொல்லாமல் இருக்கவும் வேண்டாம்.

4. ஆவணங்களைத் திரட்டுங்கள்

வழக்கமாகக் கேட்கப்படுபவை முன்மொழிவுக் கடிதம், இரண்டு முதல் நான்கு பக்கத் தற்குறிப்பு, தேர்ந்தெடுத்த ஐந்து அல்லது பத்து வெளியீடுகளின் பட்டியல், முழு வெளியீட்டுப் பட்டியல், இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை. பட்டச் சான்றிதழ், வயதுச் சான்று, பணிச் சான்று ஆகியவற்றைச் சில இடங்களில் கேட்பார்கள்.

முதலில் அவருக்கு ஆர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வாளர்களை ஒருவரோடு ஒருவர் குழப்பாமல் அடையாளம் காண 2012 முதல் வழங்கப்படும் 16 இலக்க எண் அது. கட்டணம் கிடையாது, சில நிமிடங்களில் பதிவு செய்யலாம். முதலெழுத்தை ஒரு கட்டுரையில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் எழுதிய நம்மவர்களின் வெளியீடுகள் தரவுத்தளங்களில் இரண்டு, மூன்று பேரின் வெளியீடுகளாகச் சிதறிக் கிடப்பது சாதாரணம். நான் முன்மொழிந்தவரின் கட்டுரைகளில் ஒன்பது, வேறொருவர் பெயரின் கீழ் இருந்தன. அவற்றைச் சேர்க்கவே இரண்டு வாரம் ஆயிற்று.

தேர்ந்தெடுத்த வெளியீடு ஒவ்வொன்றின் கீழும் அதில் அவருடைய பங்கு என்ன என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். உயிரியலில் முதலாசிரியர் பெரும்பாலும் சோதனைகளைச் செய்தவர், கடைசி ஆசிரியர் ஆய்வகத் தலைவர் என்பது பொது வழக்கம். ஆனால் பிற துறைகளிலிருந்து வரும் நடுவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஏனெனில் கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் இடுவதே வழக்கம். நடுவில் பெயர் வரும் புள்ளியியலாளர், உயிர்த்தகவலியலாளர், களச் சேகரிப்பாளர் ஆகியோரின் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இங்கேதான். பல ஆய்விதழ்கள் இப்போது கிரெடிட் என்ற வகைப்பாட்டின்படி 14 வகைப் பங்குகளில் யார் எதைச் செய்தார் என்று அச்சிடுகின்றன. அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துக் கொடுங்கள்.

கட்டுரைகளோடு நிறுத்திவிடாதீர்கள். ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இட்ட மரபணு வரிசைகள், புரதத் தரவு வங்கியில் சேர்த்த கட்டமைப்புகள், பிற ஆய்வகங்களுக்குப் பகிர்ந்த நுண்ணுயிர் வளர்ப்புகளும் பிளாஸ்மிடுகளும், அருங்காட்சியகத்திலோ உலர்தாவரத் தொகுப்பிலோ ஒப்படைத்த மாதிரிகள், எழுதிய மென்பொருள் ஆகிய அனைத்தும் சாதனைகள்தாம். வகைப்பாட்டியலாளர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓர் இனத்தின் பெயரை ஆயிரம் பேர் தங்கள் கட்டுரைகளில் எழுதினாலும், அந்த இனத்தை முதலில் விவரித்த கட்டுரையைப் பெரும்பாலோர் மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனவே மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்கள் வேலை செய்யாதவர்கள் போலத் தோன்றும். நான் அவர் விவரித்த இனங்களின் பட்டியலையும், அவற்றைக் கையாளும் பயிர்ப்பாதுகாப்புக் கையேடுகளின் பக்க எண்களையும், கிளிசரினில் பதித்து மெழுகு வளையமிட்டு அவர் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டிய ஸ்லைடுகள் எந்தத் தொகுப்பில் உள்ளன என்ற விவரத்தையும் ஒரு பக்கத்தில் சேர்த்தேன்.

ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) முன்னிறுத்துவதைத் தவிருங்கள். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் உருவான டோரா பிரகடனம், தனி ஆய்வாளரின் தகுதியை ஆய்விதழின் எண்ணைக் கொண்டு அளக்கக் கூடாது என்று சொல்கிறது. அதில் கையொப்பமிட்ட அமைப்புகளின் நடுவர்கள் அந்த எண்ணைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஹெச் குறியீடும் (ஒருவரின் வெளியீடுகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எண்) ஆய்வாண்டுகள் கூடக் கூட உயரும் என்பதால் இளையவர்களுக்குப் பொருந்தாது. விதிமுறை கேட்டால் கொடுங்கள்.

5. பரிந்துரைக் கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

இந்தப் படிக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். பெரிய பெயர் கொண்டவரைவிட, அந்த ஆய்வை உண்மையிலேயே படித்துப் பயன்படுத்தியவரின் கடிதம் மேலானது. கூட்டாசிரியர்கள், முன்னாள் மாணவர்கள், முனைவர் பட்ட நெறியாளர், ஒரே நிறுவனத்தில் பணியாற்றுபவர் ஆகியோரை எத்தனை ஆண்டு இடைவெளிக்குப் பின் அனுமதிக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுங்கள். குறைந்தது ஒருவராவது வேறு நாட்டிலிருந்தோ, அருகிலுள்ள வேறு துறையிலிருந்தோ இருப்பது நல்லது.

கடிதம் கேட்கும்போது வெறுமனே "எழுதித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். பாராட்டு வாக்கியம், முக்கியமான மூன்று கட்டுரைகள், விருதின் நோக்கம், கடைசி நாள், கடிதத்தைப் பதிவேற்றும் வழி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கோணத்தைப் பற்றி எழுதக் கேளுங்கள்: ஒருவர் அறிவியல் புதுமையைப் பற்றி, மற்றொருவர் நடைமுறைப் பயனைப் பற்றி. மூவருக்கும் நீங்களே ஒரே வரைவை எழுதிக் கொடுத்தால் நடுவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று கடிதங்களும் ஒன்றாகிவிடும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் பணி நியமனங்களுக்கு எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, பெண்களுக்காக எழுதப்பட்டவை பொதுவாகக் குட்டையாகவும், ஐயத்தை எழுப்பும் சொற்களைக் கூடுதலாகக் கொண்டும் இருந்ததாகக் காட்டியது. நீங்கள் எழுதிய முன்மொழிவில் "பொறுமையானவர்", "எல்லோருக்கும் உதவுபவர்" என்று மட்டும் இருந்தால், அதே இடத்தில் ஓர் ஆண் ஆய்வாளரைப் பற்றி என்ன எழுதியிருப்பீர்கள் என்று யோசித்துத் திருத்துங்கள்.

6. நேர்மைச் சரிபார்ப்பைத் தவற விடாதீர்கள்

அவர் பெயரிலுள்ள கட்டுரை எதுவும் திரும்பப் பெறப்பட்டுள்ளதா, திருத்தம் வெளியாகியுள்ளதா என்பதை நீங்களே முதலில் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023இல், ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடையாள எண் வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பு பெற்றுக்கொண்டு எவரும் இலவசமாகத் தேடும்படி திறந்துவைத்திருக்கிறது. வெளியான கட்டுரைகளை வாசகர்கள் விவாதிக்கும் பப்பியர் தளத்தில் கட்டுரைகளின் படங்களைப் பற்றிய கேள்விகள் எழுப்பப்பட்டிருக்கலாம். நேர்மையான பிழைக்காகத் திருத்தம் வெளியிட்டவரை அது தாழ்த்தாது. முன்மொழிவிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மறைத்த ஒன்றை நடுவர் பின்னர் கண்டுபிடித்தால்தான் உங்கள் இருவரின் பெயருக்கும் கேடு.

7. செலவையும் போலி விருதுகளையும் அறிந்திருங்கள்

மதிப்புமிக்க விருதுகளுக்கு முன்மொழிவுக் கட்டணம் பெரும்பாலும் இருப்பதில்லை. சான்றிதழ்களை மொழிபெயர்த்து உறுதிச்சான்று பெறுவது, நல்ல தரத்தில் ஆவணங்களை ஸ்கேன் செய்வது, கழக உறுப்பினர் கட்டணம் ஆகியவையே நேரடிச் செலவுகள். பெரிய செலவு உங்கள் நேரம்தான். முதல் கோப்புக்கு நான் மாலை நேரங்களில் ஏறத்தாழ இரண்டு மாதம் உழைத்தேன். விருது கிடைத்தால் விழாவுக்கான பயணச் செலவை யார் ஏற்பார்கள், பரிசுத்தொகைக்கு வரி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்கள் சிறந்த விஞ்ஞானி விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்று வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள். நடுவர் குழுவின் பெயர்கள் வெளியிடப்படாமை, முந்தைய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோருக்கு வழங்கியிருத்தல், "செயலாக்கக் கட்டணம்" அல்லது மாநாட்டுப் பதிவுக் கட்டணம் கேட்டல், ஒரு வாரத்துக்குள் பணம் செலுத்தச் சொல்லி அவசரப்படுத்தல் ஆகியவை அடையாளங்கள். அத்தகைய விருதைத் தற்குறிப்பில் சேர்ப்பதும் ஆபத்து. நல்ல நடுவர் ஒருவர் அதைப் பார்த்ததும் மற்ற வரிகளையும் சந்தேகத்துடன்தான் படிப்பார்.

8. கடைசி நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

நான்கு மாதம் போதும். அதற்குக் குறைவாக இருந்தால் அடுத்த சுற்றுக்கு எழுதத் தொடங்குங்கள். முதல் மாதம் பாராட்டு வாக்கியத்துக்கும் தகுதிச் சரிபார்ப்புக்கும். இரண்டாம் மாதத் தொடக்கத்தில் பரிந்துரையாளர்களிடம் கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஆறு வாரம் தர வேண்டும், அவர்களிடம் சொல்லும் கடைசி நாள் உண்மையான நாளுக்குப் பத்து நாள் முன்னதாக இருக்கட்டும். மூன்றாம் மாதம் முன்மொழிவுக் கடிதத்தை எழுதி, அந்தத் துறையையே அறியாத நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். படித்து முடித்ததும் "இவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். அவர் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். என் இரண்டாம் ஆண்டுக் கோப்பு தோற்றதற்கு நான் கண்ட காரணம் இதுவே: அது நூற்புழுவியலாளர் ஒருவருக்கு எழுதப்பட்டிருந்தது, ஆனால் நடுவர் குழுவில் அப்படி ஒருவர்கூட இல்லை.

சமர்ப்பிக்கும் வாரத்தில் சிறிய விஷயங்கள்தான் காலை வாரிவிடும். கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்று பாருங்கள். பிடிஎஃப் கோப்பின் அளவு வரம்பு, பக்க வரம்பு, எழுத்துரு அளவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். பரிந்துரையாளர்களுக்கு இணையதளம் அனுப்பும் இணைப்பு அவர்களின் குப்பை அஞ்சலில் போய் விழுந்துவிடுவது வழக்கம்; தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை எண்ணைச் சேமித்து வையுங்கள்.

9. முடிவு வந்த பிறகு

தேறவில்லையென்றால் கருத்துரை கேட்டு எழுதுங்கள். எல்லா இடத்திலும் தர மாட்டார்கள், தந்தால் அது பொன்னானது. சில விருதுகளில் முன்மொழிவு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத் தானாகவே பரிசீலனையில் இருக்கும். அப்போது புதிய வெளியீடுகளை மட்டும் சேர்த்தால் போதும். மற்ற இடங்களில் மறுபடி அனுப்ப வேண்டும். மெக்லின்டாக் இடம்பெயரும் மரபுக்கூறுகளைக் கண்டறிந்தது 1940களில். நோபல் வந்தபோது அவருக்கு 81 வயது. கடிதம் எழுதியவர்களுக்கு முடிவு எதுவாயினும் தெரிவித்து நன்றி சொல்லுங்கள், அடுத்த ஆண்டு அவர்களிடமே மீண்டும் கேட்க வேண்டியிருக்கும்.

தேறிவிட்டால், அறிவிப்பு வெளியாகும் நாள் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதை மீறினால் விருதைத் திரும்பப் பெறவும் இடமுண்டு. ஆர்கிட் பக்கத்திலும் நிறுவனப் பக்கத்திலும் விருதின் சரியான பெயரையும் ஆண்டையும் சேர்க்கச் செய்யுங்கள். கோப்பின் நகல்கள் அனைத்தையும் ஓர் உறையில் இட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது, அந்த ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக ஸ்லைடுகளைத் தயாரித்து வந்த தொழில்நுட்ப உதவியாளரை முன்மொழிய இப்போது மேசை மேல் திறந்து கிடக்கிறது.